ரிசப்ஷன் டிஜே செட்: எந்த பாக்ஸ், எந்த லைட் வாங்கலாம்?

அப்பா மைக் செட் வைத்திருந்த வீடுகளில் இன்று பிள்ளைகள் டிஜே செட் வாங்குகிறார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களும் நிறைய. கடைக்குப் போனதும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்ணே?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். மாதத்தில் பெரும்பாலும் எந்த மாதிரி இடத்துக்குப் போவீர்கள், அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள், சாமானை எந்த வண்டியில் ஏற்றுவீர்கள், மண்டபத்தில் எவ்வளவு கரண்ட் கிடைக்கும் என்ற நான்குக்கும் பதில் தெரிந்தால் வாட்ஸ் தானாக முடிவாகிவிடும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மாவட்டத் தலைநகரிலும் தாலுகா ஊர்களிலும் இருக்கும் கல்யாண மண்டபம். 300 முதல் 500 பேர் உட்காரலாம். தரை டைல்ஸ், சுவர் கிரானைட், மேலே கான்கிரீட் தளம் அல்லது தகரக் கூரை. சத்தத்தை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூட இருக்காது. மாலை ஆறரைக்கு ரிசப்ஷன் தொடங்கும். முதல் இரண்டு மணி நேரம் மேடையில் போட்டோ எடுக்க வரிசை நிற்கும். பின்னால் மெதுவாகப் பாட்டு ஓடினால் போதும். நடுவில் தொகுப்பாளர் தாய்மாமனை மேடைக்குக் கூப்பிடுவார், நண்பர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள். எட்டரை, ஒன்பதுக்கு மேல்தான் இளவட்டம் ஆட இறங்கும். அந்த ஆட்டம் ஒரு மணி நேரம் நீடித்தால் பெரிது.

ஆக, அன்றைக்கு உங்கள் ஸ்பீக்கர் பாக்ஸ் செய்யும் வேலையில் பெரும்பகுதி பேச்சும் மெதுவான பாட்டும்தான். கடைசி வரிசையில் இருக்கும் பெரியவருக்குப் பேச்சு புரிய வேண்டும். முதல் வரிசையில் இருப்பவருக்குக் காது வலிக்கக் கூடாது. என் கணக்கில் இதைச் செய்கிற செட்தான் நல்ல செட். பேஸ் அதற்கு அப்புறம்தான். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த அளவுகோலை வைத்துத்தான். கோயில் திருவிழா ஆடல் பாடலும் கல்லூரி கல்ச்சுரல்ஸும் திறந்தவெளிக் கணக்கு. அதற்கு இந்த செட் போதாது.

ஆக்டிவா, பாசிவா?

பாசிவ் என்றால் பாக்ஸ் தனி, அதை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தனி. நம் ஊர் சவுண்ட் சர்வீஸ் காலங்காலமாக இப்படித்தான் ஓடியது, இன்றும் பல ஊர்களில் ஓடுகிறது. ஆக்டிவில் ஆம்ப் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். ஒரு கரண்ட் வயர், ஒரு சிக்னல் வயர், அவ்வளவுதான்.

பாசிவுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) கிழிந்தாலும் அதை அசைக்கும் வாய்ஸ் காயில் எரிந்தாலும் பக்கத்து ஊரிலேயே ரீகோன் செய்து, அதாவது அவற்றை மாற்றித் தர ஆள் இருப்பார். ஆம்ப் போனால் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒன்றை வாங்கி மாட்டி அன்றைய நிகழ்ச்சியை முடித்துவிடலாம். உதிரிபாகம் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை. ஆக்டிவில் உள்ளே இருக்கும் போர்டு போனால் அந்த பாக்ஸே அன்றைக்கு ஊமை. போர்டு சர்வீஸ் சென்டருக்குப் போய்த் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். வைகாசி, ஆவணி மாதிரி முகூர்த்தம் நெருங்கி வரும் மாதத்தில் அப்படி ஆனால் நஷ்டம் சின்னதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே புதியவர்களுக்கு நான் ஆக்டிவைத்தான் சொல்வேன். பாசிவில் தப்பு நடக்க வழிகள் அதிகம். ஒரு சேனலில் 8 ஓம் பாக்ஸ் இரண்டு போட்டால் ஆம்புக்குத் தெரிவது 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 2.7 ஓமுக்கு இறங்கிவிடும். நடு நிகழ்ச்சியில் ஆம்ப் சூடாகி நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். இன்னொன்று, சின்ன ஆம்பை முழுதாகத் திருகி ஓட்டுவது. ஆம்ப் கிளிப் ஆகும்போது அலை மொட்டையாகி மேல் அதிர்வெண் சக்தி கூடிவிடும், முதலில் எரிவது மேல் சத்தத்தைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்தான். ஆக்டிவில் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத் தொழிற்சாலையிலேயே அமைந்திருக்கும். உள்ளே சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் இருக்கும். ஆடுகிற பையன் வந்து "அண்ணா, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாலும் அது காயிலைக் காப்பாற்றும். ஆம்ப் ரேக்கைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் வேலையும் மிச்சம்.

வாங்குவதற்கு முன் பாக்ஸின் பின்பக்க லேபிளைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை தானாக ஏற்றுக்கொள்ளும் பவர் சப்ளை சிலவற்றில் இருக்கும். 220–240 மட்டும் என்று சிலவற்றில் எழுதியிருக்கும். மாலையில் வோல்டேஜ் 190க்கு இறங்கும் ஊர்ப்பக்கம் முதல் வகைதான் நின்று பாடும்.

ஏற்கெனவே நல்ல பாசிவ் பாக்ஸ் வைத்திருக்கிறீர்கள், கைக்கு ஒரு மெக்கானிக்கும் இருக்கிறார் என்றால் அதை விற்க வேண்டாம். ஒரு டிஜிட்டல் கிராஸ்ஓவர் ப்ராசஸர் மட்டும் வாங்கி, குரலும் மேல் சத்தமும் பாடும் டாப் பாக்ஸுக்குப் போக வேண்டியதையும் பேஸ் பாக்ஸுக்குப் போக வேண்டியதையும் ஒழுங்காகப் பிரித்து, லிமிட்டர் வைத்து ஓட்டுங்கள். புது பாக்ஸ் வாங்கிய வித்தியாசம் தெரியும்.

12 அங்குலமா, 15 அங்குலமா?

"15 வாங்கு, பேஸ் நல்லா வரும்" என்ற பேச்சுதான் ஊரில் அதிகம். பேஸ் வரும், உண்மைதான். ஆனால் ஒரு பெரிய கோனும் ஒரு ட்வீட்டரும் மட்டும் உள்ள இரண்டு வழி பாக்ஸில் அந்தப் பெரிய கோன்தான் நடு அதிர்வெண்ணையும் பாட வேண்டும். மனிதக் குரலின் தெளிவு நிற்கும் இடம் அது. கோன் பெரிதாக ஆக, அந்த இடத்தில் சத்தம் பக்கவாட்டில் பரவாமல் நேராக மட்டும் போகும். பாக்ஸுக்கு எதிரே இருப்பவருக்குப் பேச்சு புரியும், ஓரத்து நாற்காலிக்காரருக்குப் புரியாது. 12 அங்குலம் இந்த வேலையை இன்னும் சீராகச் செய்யும். எடையும் பாருங்கள்: யமஹா டிபிஆர் வரிசையில் 12 அங்குல பாக்ஸ் ஏறத்தாழ 16 கிலோ, 15 அங்குலம் 19 கிலோ. தரையில் வைத்துத் தூக்கினால் மூன்று கிலோ பெரிய விஷயமில்லை. தலைக்கு மேல் தூக்கி ஸ்டாண்டின் குழாயில் சரியாக இறக்கும்போது தெரியும்.

பேஸுக்கென்றே தனியாக வரும் சப் பாக்ஸ் இல்லாமல் இரண்டு பாக்ஸோடு மட்டும் போவதென்றால் 15 எடுங்கள். இப்போதோ ஆறு மாதம் கழித்தோ சப் சேர்ப்பதென்றால் 12 எடுங்கள். சப் சேர்க்கும் இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்புக்கு ஒதுக்கிவிட்டால் டாப் பாக்ஸ் இளைப்பாறும், குரல் தெளியும். கடைசி ஒரு மணி நேர ஆட்டத்தில் நெஞ்சில் இடிக்கும் அடியை ஒரு 18 அங்குல சப் தாராளமாகத் தரும். நம் குத்துப் பாட்டில் பறை, உறுமி, டோலக் அடிகளின் உயிர் டாப் பாக்ஸில்தான் இருக்கிறது. அதனால் மட்டமான டாப்பை வைத்துக்கொண்டு சப்பை மட்டும் பெரிதாக்கினால் அடி குழைந்துபோகும்.

இரண்டு சப் வாங்க வசதி இருந்தால் மேடைக்கு இரண்டு பக்கமும் பிரித்து வைக்காமல் ஒரே இடத்தில் ஒட்டி வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது என்று டெக்கரேஷன்காரர் சொல்வார். பிரித்து வைத்தால் நடுவில் மட்டும் பேஸ் அதிரும், இரண்டு எட்டு தள்ளினால் காணாமல் போகும். இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்கள் அவை. சேர்த்து வைத்தால் ஒரு சப் தருவதைவிட 6 டெசிபல் (சத்தத்தின் அளவு) கூடும், மண்டபம் முழுக்க இன்னும் சீராகக் கேட்கும்.

தூண் மாதிரி ஒல்லியாக நிற்கும் காலம் ஸ்பீக்கர் மூன்றாவது வழி. ஆர்சிஎஃப் ஈவாக்ஸ் 8, போஸ் எல்1, யமஹா ஸ்டேஜ்பாஸ் 1கே எல்லாம் இந்த ரகம். ஈவாக்ஸ் 8-ல் கீழே 12 அங்குல வூஃபர், மேலே இரண்டு அங்குல ஸ்பீக்கர் எட்டு. பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், போட்டோவில் துருத்திக்கொண்டு தெரியாது, பேச்சு அவ்வளவு தெளிவாக இருக்கும். வளைகாப்பு, முதல் பிறந்த நாள், ஹோட்டல் பேங்க்வெட் ஹாலில் 100, 150 பேர் வரும் நிகழ்ச்சி என்றால் இதற்கு மேல் தேவையில்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஹோட்டல் நிகழ்ச்சியை நம்பித் தொழில் தொடங்குகிறீர்கள் என்றால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். 400 பேர் மண்டபத்தில் ஆட்டம் சூடுபிடிக்கும்போது மட்டும் இது திணறும்.

ஜேபிஎல் விஆர்எக்ஸ் என்ற லைன் அரே (ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும் பாக்ஸ் வரிசை) மாதிரியில் உள்ளூரில் செய்த பெட்டிகளும் கிடைக்கின்றன. விலை குறைவு, பார்வைக்குக் கம்பீரம். ஆனால் லைன் அரே என்பது பல பெட்டிகள் வரிசையாகத் தொங்கினால்தான் அந்த வேலையைச் செய்யும். பக்கத்துக்கு இரண்டை வைத்துவிட்டால் கிடைப்பது இரண்டு பாக்ஸ் சத்தம்தான். மண்டபத்துக்கு அந்தப் பணத்தில் நல்ல 12 அங்குல ஆக்டிவ் ஜோடி வரும்.

இப்போது வாட்ஸ்

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது நொடிப்பொழுது மட்டும் தரும் பீக் வாட்ஸ். ஜேபிஎல் இயான் 715-ல் 1300 என்று போட்டிருக்கும். தொடர்ந்து தரும் ஆர்எம்எஸ் 650. இரண்டு பாக்ஸை ஒப்பிட்டால் ஆர்எம்எஸ்ஸோடு ஆர்எம்எஸ்ஸை ஒப்பிடுங்கள். அதைவிட முக்கியம், வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ். 500 வாட்ஸ் பாக்ஸுக்குப் பதில் 1000 வாட்ஸ் பாக்ஸ் வாங்கி நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த 3 டெசிபலுக்குத்தான் போகிறது.

தூரம் இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். திறந்த இடத்தில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 120 டெசிபல் பாடும் பாக்ஸ் 16 மீட்டரில் 96. மண்டபத்துக்குள் எதிரொலி சேர்வதால் அவ்வளவு குறையாது. ஆனால் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வது நேர்ச்சத்தத்தைவிட எதிரொலிதான், அதனால் பேச்சு புரியாது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். நீளமான மண்டபத்துக்கு விடை பெரிய பாக்ஸ் கிடையாது. பாதித் தூரத்தில் இன்னொரு ஜோடி சின்ன பாக்ஸ் வைத்து, அதன் சத்தம் சற்றுத் தாமதமாக வர டிலே கொடுங்கள். நம் ஊர் வெயிலில் சத்தம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 10 மீட்டருக்கு 29 மில்லி செகண்ட் வையுங்கள். அப்போது சத்தம் மேடையிலிருந்தே வருவதுபோல் இருக்கும், பெரியவருக்குப் பெயர் வாசிப்பதும் புரியும்.

ஸ்டாண்டை நன்றாக உயர்த்துங்கள். பாக்ஸில் மேல் சத்தம் வரும் வாயான ஹார்ன் முன்வரிசைத் தலைகளுக்கு மேலே இருந்தால்தான் பின்னால் போகும். குழந்தைகள் பாக்ஸுக்கு முன்னால்தான் வந்து ஆடும். பெரியவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூன்று வயசுக் குழந்தை சப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இறக்கிவிட்டு, ஆளைவிட்டு நகர்த்தச் சொல்லுங்கள். பாட்டு பத்து நொடி மெதுவாக ஓடினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கன்ட்ரோலர், மைக்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். பயோனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 மாதிரி பாட்டைக் கலந்து ஓட்டும் ஒரு தொடக்க கன்ட்ரோலரும் நம்பகமான லேப்டாப்பும் மண்டபத்துக்குப் போதும். ஒன்று கவனியுங்கள்: அதில் பாக்ஸுக்குச் சிக்னல் வெளியே வருவது ஆர்சிஏ (டிவிடி பிளேயரில் இருக்கும் சிவப்பு, வெள்ளை பிளக்) மட்டும். ஆர்சிஏ வயரை 15, 20 மீட்டர் இழுத்தால் வழியில் கரண்ட் வயர்களின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும். பக்கத்திலேயே ஒரு சின்ன மிக்ஸர் வைத்து அதிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று முனை பிளக்) வயரில் பாக்ஸுக்குப் போங்கள். தொகுப்பாளர் மைக்குக்கும் அந்த மிக்ஸர் தேவை. லேப்டாப் இல்லாமல் பென் டிரைவில் ஓடும் எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3 ரகம் அருமையானது; ஆனால் அந்த விலைக்கு முதல் வருஷம் சப்பும் லைட்டும் வாங்கலாம்.

மைக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கல்யாண வீட்டாருக்கு உங்கள் டாப் என்ன கம்பெனி என்று தெரியாது. மைக் கொர்ரென்று இழுத்தது மட்டும் வருஷக்கணக்கில் ஞாபகம் இருக்கும். நல்ல வயர்லெஸ் கைமைக் இரண்டு, கூடவே வயர் மைக் ஒன்று, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி. மைக் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பாக்ஸை மேடையின் முன்விளிம்புக்கு முன்னால் வைத்தால் விசில் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

லைட்: ஷார்பியின் ஆசை

லைட்டில்தான் ஆசை அதிகம், பணமும் இங்கேதான் கரையும். யூடியூபில் பார்க்கும் செட்டில் எட்டு ஷார்பி நிற்கும். ஷார்பி என்பது இத்தாலியின் கிளே பாக்கி 2010-ல் கொண்டுவந்த, குறுகிய கதிராக வெளிச்சம் பாய்ச்சும் ஒரு பீம் லைட் மாடலின் பெயர். 189 வாட் லாம்ப், எடை சுமார் 16 கிலோ. இன்று 5ஆர், 7ஆர் லாம்ப் போட்ட எல்லா பீம் லைட்டையும் நம் ஊரில் ஷார்பி என்றே சொல்கிறோம். திறந்தவெளியில், இருட்டில், புகைக்கு நடுவே அது வானத்தைக் கிழிக்கும் அழகே தனி.

மண்டபத்தில் நிலைமை வேறு. ரிசப்ஷன் நடக்கும்போது டியூப்லைட் எல்லாம் எரியும். வருகிறவர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டும், பந்திக்கு ஆள் கூப்பிட வேண்டும். அந்த வெளிச்சத்தில் பீம் கண்ணுக்கே தெரியாது. கூரையும் தாழ்வு. துணி அலங்காரத்தின் மேல் கிட்டத்திலிருந்து ஒரே இடத்தில் விழுந்தால் கருகிவிடும். மேனுவலில் குறைந்தபட்ச தூரம் போட்டிருக்கும், அதை மீறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் கரண்ட். மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடியில் ஷார்பியில் இருக்கும் டிஸ்சார்ஜ் லாம்ப் அணைந்துவிடும். சூடான லாம்ப் உடனே பற்றாது, ஆற வேண்டும், சில நிமிடம் பிடிக்கும். மாப்பிள்ளை பெண் என்ட்ரி நேரத்தில் அப்படி ஆனால் என்ன செய்வது? தலை சுழன்று திரும்பும் எல்இடி லைட்டான எல்இடி மூவிங் ஹெட் கரண்ட் வந்ததும் ரீசெட் ஆகி எரியத் தொடங்கிவிடும். முதல் செட்டுக்கு எல்இடி மூவிங் ஹெட் இரண்டு போதும். ஷார்பி கேட்கும் வீட்டாருக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள்.

செட்டின் முதுகெலும்பு சுவருக்கும் ஆடும் இடத்துக்கும் நிறம் பாய்ச்சும் பார் லைட்தான். இதில் இரண்டு ரகம் எதிரெதிரே நிற்கிறது. 3 வாட் எல்இடி 54 கொண்ட பழைய ரகம் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிப் பல்பு. மூன்றும் கலந்து எரியும்போது சுவரில் விழும் நிழலைப் பாருங்கள், ஒவ்வொரு விளிம்பும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். 18 எல்இடி, ஒவ்வொன்றிலும் நான்கு நிறமும் சேர்ந்த ரகம் விலை கூட. நிறம் கலந்தே வெளியே வரும், நிழல் சுத்தம், உண்மையான வெள்ளையும் உண்டு. பழைய ரகத்தில் 16 வாங்குவதைவிட இதில் 8 வாங்குங்கள். மேடைச் சுவருக்கு நாலு, ஆடும் இடத்துக்கு நாலு.

வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை. லைட்டைப் பாதி வெளிச்சத்துக்குக் குறைத்து, போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் படம் எடுங்கள். மட்டமான லைட்டில் கறுப்புப் பட்டைகள் ஓடும், அல்லது படம் முழுக்கத் துடிக்கும். எல்இடியை மங்கலாக்க அதை அணைத்து அணைத்து எரிய வைக்கிறார்கள்; அந்த வேகம் குறைவாக இருந்தால் நம் கண் ஏமாறும், கேமரா ஏமாறாது. கல்யாண வீடியோவில் அந்தப் பட்டை விழுந்துவிட்டால் எடிட்டிங்கில் போகாது. வீடியோக்காரர் உங்களை மறுபடி சிபாரிசு செய்யவும் மாட்டார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதே காரணத்துக்காக மணமக்கள் முகத்தில் நீலமும் மெஜந்தாவும் விழ விடாதீர்கள். முகத்துக்கு இதமான வெள்ளை, பின்சுவருக்குத்தான் நிறம்.

லேசர் வேண்டவே வேண்டாம். நேராகக் கேமராவுக்குள் விழுந்தால் சென்சாரில் அழியாத புள்ளி விழும். கண்ணுக்கு அதைவிட மோசம்.

தனி ஆளாகச் சின்ன நிகழ்ச்சிகளுக்குப் போகிறவருக்கு ஷோவே கிக்பார் மாதிரி எல்லாம் ஒரே கம்பியில் வரும் செட் நல்லது. ஒரே ஸ்டாண்ட், ஒரே வயர். அதில் லேசர் இருந்தால் அதை மட்டும் அணைத்து வையுங்கள்.

எல்லா லைட்டையும் ஒரே இடத்திலிருந்து ஓட்ட 192 கன்சோல் என்ற கட்டுப்பாட்டுப் பலகை போதும். 12 லைட், ஒவ்வொன்றுக்கும் 16 சேனல் என்பதுதான் அந்த 192. லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் சிக்னலில் ஒரு லைனில் 512 சேனல் வரை போகும் என்பதால் பின்னால் லேப்டாப்புக்கு மாறினாலும் இதே லைட்டுகள் உதவும்; கியூஎல்சி பிளஸ் என்ற மென்பொருள் இலவசம். லைட்டுகள் தாமாகத் துடிக்கின்றன, ஒன்று மட்டும் சொன்னபடி கேட்பதில்லை என்றால் லைட்டை மாற்றுமுன் வயரைப் பாருங்கள். மைக் வயரை டிஎம்எக்ஸுக்குப் போட்டிருப்பீர்கள், அல்லது லைன் முடிவில் டெர்மினேட்டர் இருக்காது. டெர்மினேட்டர் ஒரு ஆண் எக்ஸ்எல்ஆர் பிளக்தான்: மூடியைத் திருகிக் கழற்றி, இரண்டாம் முனைக்கும் மூன்றாம் முனைக்கும் நடுவில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் வைத்து மூடி, கடைசி லைட்டின் அவுட்டில் செருகிவிட வேண்டும். டீ செலவுக்கு மேல் கொஞ்சம்தான் ஆகும்.

புகைக்கு ஸ்மோக் மெஷினைவிட ஹேஸர் நல்லது. மெல்லிசாகப் பரவி நிற்கும், போட்டோ மறையாது. ஹோட்டலில் ஸ்மோக் டிடெக்டர் இருக்கும், முன்கூட்டியே மேனேஜரிடம் பேசிவிடுங்கள். என்ட்ரிக்குத் தரையில் மேகம் தவழும் டிரை ஐஸும் தீப்பொறி ஊற்றாகப் பாயும் கோல்ட் பைரோவும் வாடகைச் சாமான்கள். கூடவே தெரிந்த ஆளையும் அழைத்துக்கொள்ளுங்கள். டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையால் தொடக் கூடாது. அதிலிருந்து வரும் கரியமில வாயு தரையோடு தங்கும், குழந்தைகள் அங்கே உட்கார்ந்து விளையாட விடக் கூடாது.

கரண்ட்

மண்டபத்து மேடை ஓரத்தில் ஒரு 15 ஆம்ப் (ஆம்பியர்) பாயின்ட் இருக்கும். பல பேர் கரண்ட் எடுக்கும் இடம். சில மண்டபங்களில் வயரை நேராகத் துளைக்குள் விட்டுத் தீக்குச்சி சொருகி நிறுத்தியிருப்பார்கள். அந்த இடத்தில் உங்கள் பாக்ஸை மாட்டவே மாட்டாதீர்கள். மல்டிமீட்டரை எடுத்து ஃபேஸ், நியூட்ரல் நடுவே பாருங்கள்: 230 பக்கம் இருக்க வேண்டும். ஃபேஸ், எர்த் நடுவே அதே அளவு. நியூட்ரல், எர்த் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு. ஜெனரேட்டரில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் பாயின்ட்டில் 400 வோல்ட் வரைகூட ஏறலாம். ஒரே நொடியில் எல்லா போர்டும் போய்விடும். அதனால் ஜெனரேட்டருக்கு மாறிய பிறகும் ஒரு முறை மீட்டர் வையுங்கள்.

லைட்டைத் தேர்ந்தெடுப்பதில் கரண்ட் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. பழைய 1000 வாட் ஹாலஜன் பார் எட்டு என்றால் 35 ஆம்ப். எல்இடி பார் எட்டும் சேர்ந்து அதில் ஒரு சிறு பகுதிதான் இழுக்கும். சின்ன செட்டில் அதிகம் இழுப்பது ஸ்மோக் மெஷின்தான். 1500 வாட் ஹீட்டர் 6.5 ஆம்ப் கேட்கும், அதுவும் விட்டுவிட்டு. லேப்டாப் இருக்கும் போர்டில் அதை மாட்டாதீர்கள். முடிந்தால் சவுண்டுக்கு ஒரு ஃபேஸ், லைட்டுக்கு வேறு ஃபேஸ் என்று மண்டப எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லி காப்பர். 30 மீட்டரில் 10 ஆம்ப் இழுத்தால் இதில் நாலரை வோல்ட் விழும். 1 சதுர மில்லியில் 11 வோல்ட் விழும், வயரும் சூடாகும்.

பாக்ஸில் ஹம் (ம்ம் என்ற இரைச்சல்) வந்தால் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மணப்பெண்ணின் அம்மா ஈரக்கையோடு மைக்கைப் பிடிப்பார். சில ஆயிரத்துக்கு ஐசோலேஷன் பாக்ஸ் கிடைக்கிறது, ஹம் போய்விடும். கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒன்றை உங்கள் சொந்த போர்டிலேயே பொருத்திக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு மேல்

ஒலி மாசு விதிகள், 2000 படி இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்கத்துக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தமிழ்நாட்டில் அனுமதி கிடையாது. பெட்டி வடிவம் மட்டுமே. இதையும் வாங்கும் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போவது பேஸ்தான். வீடுகளுக்கு நடுவே இருக்கும் மண்டபங்களில் இரண்டு 18 அங்குல சப் பெரும்பாலும் முடக்கித்தான் வைக்க வேண்டிவரும். ஒன்றோடு தொடங்கினால் போதும் என்பதற்கு இதுவும் காரணம்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

மாதத்தில் எல்லா நிகழ்ச்சிக்கும் தேவைப்படுவது சொந்தமாக இருக்கட்டும். சீசனில் இரண்டு முறை தேவைப்படுவது வாடகை. கைப்பணத்தில் பாதிக்கு மேல் சவுண்டுக்குப் போகட்டும். நல்ல கம்பெனி ஆக்டிவ் ஜோடியே இன்று லட்சத்தைத் தொடும், சப் அதற்கு மேல். முதலில் டாப் ஜோடியும் மைக்கும், அப்புறம் சப், அப்புறம் பார் எட்டும் கன்சோலும், கடைசியில் மூவிங் ஹெட். இவ்வளவும் ஒரு குட்டியானையில் தாராளமாக அடங்கும். சப்பை விட்டுவிட்டால் ஆம்னியிலேயே போய்விடலாம். லைட் தொங்கவிடும் சட்டமான ட்ரஸ், எல்இடி வால், ஷார்பி எதுவும் முதல் வருஷம் சொந்தமாக வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், அவசரப்படாமல். பாக்ஸை அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓட விட்டுப் பின்பக்கச் சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 40 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே ஏற்றினால், காயில் உரசும் பாக்ஸ் ஏதோ ஓர் இடத்தில் கரகரக்கும்; ஒட்டிய கோனும் அப்போது காட்டிக்கொடுக்கும். பீம் லைட் என்றால் மெனுவில் லாம்ப் ஓடிய மணி நேரம் இருக்கும். 1500, 2000 என்று காட்டினால் புது லாம்ப் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.